நங்கூரமும் பீரங்கியும் ஏறிய எடைமேடை

துறைமுகத்தின் மரக்கேட்டுக்கு எதிர்ச்சாரியில், ஐஸ் ஃபேக்டரிக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவில், லாரிகளை எடை போடுகிற இரும்பு மேடை ஒன்று உண்டு. ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை மதியம், லாரி இல்லை, தள்ளுவண்டி இல்லை, தெருநாய்கூட ஏறி நிற்கவில்லை என்கிற வேளையில், அந்த மேடையின் போர்டில் சிவப்பு எழுத்தில் நூற்றெண்பத்தைந்து கிலோ என்று வந்தது, வந்து அப்படியே நின்றது.

செங்கமலத்துக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்த மேடையோரத்துக் கூண்டில் உட்கார்ந்து, காலி எடை, லோடு எடை என்று சீட்டு அடித்துக் கொடுக்கிறவள் அவள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆற்றில் போட அவளிடம் எதுவும் இல்லாவிட்டாலும் அளப்பது மட்டும் தினமும் முந்நூறு தடவை நடந்தது. மழைத்தண்ணீர் தேங்கினால் மேடை இருபது காட்டும், மணல் கொட்டிக் கிடந்தால் ஐம்பது காட்டும், அடியில் பெருச்சாளி செத்துக் கிடந்தால் மிஷினுக்குக் கிறுக்குப் பிடித்து வாய்க்கு வந்ததைக் காட்டும். அவள் துடைப்பத்தை எடுத்துப் போய்ப் பெருக்கினாள், ஜீரோ பட்டனை அழுத்தினாள், ஜீரோ வந்தது, கண்மூடித் திறப்பதற்குள் மறுபடியும் நூற்றெண்பத்தைந்து வந்தது. மெக்கானிக் இரும்புத் தகட்டைத் தூக்கிக் குழிக்குள் இறங்கி அரைமணி நேரம் பார்த்துவிட்டு, அங்கே கிடந்த ஒற்றை ரப்பர் செருப்போடு ஏறி வந்து, மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது, மேலே யாரோ நிற்கிறார்கள், இறங்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேலே நிற்பது யார் என்று தெரிய நாலு நாள் ஆனது. கூண்டுக்குப் பக்கத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில், உடைத்த கப்பலிலிருந்து வந்த பலகை ஒன்றைப் பெஞ்சாகப் போட்டு மூன்று பேர் உட்கார்ந்து பேசுவார்கள். ஒன்றரை மணிக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் மாறும், கேட்டை மூடினால் மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள், அதுவரைக்கும் லாரி கிடையாது, பேச்சு மட்டும்தான். கிரேன் ஓட்டி ரிட்டயரான எத்திராஜுலு, கப்பலில் சரக்கு இழுக்கிற வின்ச் ஓட்டி ரிட்டயரான லூர்துசாமி, கயிற்றுக் கடை அமானுல்லா பாய் என்று மூன்று பேர், பதினெட்டு வருடம், ஒரே கேள்வி. ஐம்பதுகளில் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த நங்கூரம் தேவராஜும், எழுபதுகளில் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த பீரங்கி ஞானமும், இரண்டு பேருமே நல்ல வயதில், உடம்பு உச்சத்தில் இருந்த நேரத்தில், ஒரே ரிங்கில் ஏறியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்? பீரங்கி முதன்முதலாகக் கிளவுஸ் மாட்டிய வருடம் நங்கூரத்துக்கு முட்டி வீங்கி, அவர் மீன் ஏலக்கடையில் கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்துவிட்டார், அதனால் அந்தச் சண்டை நடக்கவே இல்லை, நடக்காத சண்டை என்பதால் அது முடியவும் இல்லை.

நங்கூரத்தின் பக்கம் எத்திராஜுலு. கால் ஊன்றிவிட்டால் எட்டுப் பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாதவர் என்பது அவர் கட்சி. பீரங்கியின் பக்கம் லூர்துசாமி; பீரங்கி ஞானத்தின் கார்னரில் வாளியும் துண்டுமாக ஒன்பது வருடம் நின்றவர், தோல்வியே காணாமல் ஓய்ந்தவன் என் ஞானம் ஒருத்தன்தான் என்பது அவர் கட்சி. அமானுல்லா பாய் எந்தக் கட்சியும் இல்லை, அதனால் அவர்தான் ஜட்ஜ். வாய்க்கு வந்தபடி பேச முடியாது, அதற்கு அந்தப் பக்கத்துக் குத்துச்சண்டைக்காரர்கள் காலகாலமாக வைத்திருக்கிற சட்டம் ஒன்று உண்டு: ஒருவனைப் பேச்சு ரிங்கில் ஏற்றுவதென்றால், அவன் சண்டை போட்டதைக் கண்ணால் பார்த்தவன்தான் ஏற்ற வேண்டும், ஏற்றும்போது எந்த நாள், எந்தத் திடல், எந்த ரவுண்டு என்று மூன்றையும் சொல்ல வேண்டும், என் அப்பா சொன்னார், மாமா சொன்னார் என்று வருகிறவனுக்கு டீ கிடைக்கும், பேச்சுரிமை கிடைக்காது.

எத்திராஜுலு நாள், திடல், ரவுண்டு சொன்னதும் மேடையில் தொண்ணூற்றைந்து ஏறுவதையும், லூர்துசாமி சொன்னதும் இன்னொரு தொண்ணூறு ஏறுவதையும், மூன்று மணிக்குப் பேச்சு கலைந்ததும் ஜீரோ ஆவதையும் செங்கமலம் நாலு நாள் கவனித்துவிட்டு, ஐந்தாம் நாள் போய் அவர்களிடம் சொன்னாள். மூன்று பேரும் திரும்பிப் போர்டைப் பார்த்தார்கள். எத்திராஜுலு, நங்கூரம் சரியாகத் தொண்ணூற்றேழு ஆயிற்றே, மேடை ஏன் இரண்டு கிலோ குறைத்துக் காட்டுகிறது என்று கேட்டார். லாரி மேடை ஐந்தைந்தாகத்தான் காட்டும் என்று அவள் விளக்கினாள். அப்படியானால் சரி என்று அவர் முதல் ரவுண்டுக்குத் திரும்பிப் போனார்.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. முதல் வாரம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது, இரண்டாம் வாரம் சுண்டல்காரர் வந்தார், மூன்றாம் வாரம் ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்கள் தங்கள் சாப்பாட்டு நேரத்தை ஒன்றரைக்கு மாற்றி வாங்கிக்கொண்டார்கள். மேடையைக் குறுக்கே கடந்து போகிற மீன்காரப் பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நடுவில் சண்டை நடக்கிற இடத்தை விட்டு ஓரமாக நடந்தார்கள். பேச்சு நீண்டு மூன்றைத் தாண்டினால் வருகிற லாரிக்காரர்கள் இறங்கி வந்து, இன்றைக்கு யார் நிற்கிறார்கள், எவ்வளவு கழிக்க வேண்டும் என்று கேட்பார்கள். செங்கமலம் நூற்றெண்பத்தைந்தைக் கழித்துச் சீட்டு அடித்துக் கொடுப்பாள், கேட்டில் இருக்கிற கிளார்க்கும் சீட்டைப் பார்த்து நங்கூரம், பீரங்கி என்று இரண்டு டிக் போட்டு உள்ளே விடுவார். நெல்லூர் லாரிக்காரர் ஒருவர், சாம்பியன்கள் ஏறிய நேரத்தில் எடை போட்ட லோடு வழியில் பஞ்சர் ஆவதில்லை என்று கிளப்பிவிட்டார், பாதிப் பேர் நம்பினார்கள்.

எடை முத்திரை போடுகிற இன்ஸ்பெக்டர் ஐப்பசியில் வந்தார். மனிதர் கறார், டீகூடக் குடிக்கமாட்டார். தன்னுடைய இரும்பு எடைக்கல்லையெல்லாம் இறக்கி வைத்துப் பார்த்தார், கிலோ பிசகாமல் காட்டியது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பெஞ்சில் இருந்தவர்களைப் பேசச் சொல்லிவிட்டுப் பார்த்தார், நூற்றெண்பத்தைந்து காட்டியது. மேடையைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், கடைசியில் முத்திரையை எடுத்துக் குத்திவிட்டு, "மேல நிக்கிறத மேடை காட்டுது, அதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிப் போனார்.

எடை ஒரே இடத்தில் நிற்காது என்பதையும் கொஞ்ச நாளில் எல்லாரும் தெரிந்துகொண்டார்கள். நங்கூரம் குத்தை வாங்கிப் பின்னால் எகிறினால் போர்டில் நூற்றெண்பது ஆகும், பீரங்கி குதித்து இறங்கினால் நூற்றுத்தொண்ணூறு ஆகும், எண் படபடவென்று அடித்துக்கொள்வதை வைத்தே எந்த ரவுண்டு சூடு, எந்த ரவுண்டு மந்தம் என்று மீன்காரப் பெண்கள்கூடச் சொல்லிவிடுவார்கள். பேசுகிறவர் எப்படிப் பேசுகிறாரோ அப்படித்தான் ஆள் வந்து நின்றான். ஒருநாள் எத்திராஜுலு எங்கோ நினைவாக, கடைசிக் காலத்தில் சர்க்கரை வியாதியில் நங்கூரத்துக்கு ஒரு காலை எடுத்ததைச் சொல்லிவிட்டார், போர்டு சரசரவென்று கீழே இறங்கியதும் பதறிப்போய், ஐம்பத்தேழு, ஆவணி, கொத்தவால் திடல், நாலாவது ரவுண்டு என்று கத்தி மறுபடியும் மேலே ஏற்றினார். ஆனால் ஜெயித்தது யார் என்பதை மட்டும் மேடை ஒருநாளும் சொல்லவில்லை. ஏனென்றால் விழுந்து கிடக்கிறவனுக்கும் நின்றுகொண்டிருக்கிறவனுக்கும் எடை ஒன்றுதான்.

செங்கமலம் இதையெல்லாம் கூண்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. அவளுடைய அப்பா மாசிலாமணியும் ஹெவிவெயிட்தான். நங்கூரம், பீரங்கி என்று ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்த அந்த ஊர் அவருக்கும் ஒன்று வைத்திருந்தது: ஓட்டம் மாசி. எழுபத்தேழு தை மாதம் உப்புக்கிடங்குத் திடலில் பீரங்கி ஞானத்தோடு மோதின அன்று, மூன்றாவது ரவுண்டில், பெல் அடிக்கும் முன்னே ரிங்கை விட்டு இறங்கி ஓடினவர் என்று பேர். அவளுக்கு அப்போது மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் அவள் முதலாவது வந்தபோது வாத்தியாரே சிரித்தார். அதற்குப் பிறகு அவள் எங்கேயும் ஓடவில்லை, பஸ் பிடிக்கக்கூட ஓடமாட்டாள்.

அந்தச் சண்டையைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள், மீதிப் பேரைச் சர்க்கார் ஊருக்கு வெளியே வீடு கட்டிக் கொடுத்துக் கொண்டுபோய் விட்டுவிட்டது. எத்திராஜுலுவுக்கு அன்றைக்கு டூட்டி, அமானுல்லா பாய் அப்போது பம்பாயில். மிச்சம் இருந்த ஒரே கண் லூர்துசாமியின் கண்தான். அவளுக்குத் தன் அப்பா சாம்பியன் ஆக வேண்டும் என்றெல்லாம் ஆசை இல்லை. நல்ல உடம்போடு இருந்த அப்பா எத்தனை கிலோ இருந்தார், அது ஒன்று மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டும். வீட்டில் போட்டோ இல்லை, அம்மா அந்தப் பேச்சையே எடுக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மார்கழியில் ஒருநாள் மதியம், மூன்று பேரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கேட் மூடியிருந்தது, தெருவில் யாரும் இல்லை. செங்கமலம் கூண்டை விட்டு இறங்கி மேடையோரமாக வந்து நின்று, சட்டப்படி தனக்கு ஏற்ற உரிமை இல்லை என்று தெரிந்தே, மாசிலாமணி, என் அப்பா மாசிலாமணி என்று இரண்டு தடவை சொன்னாள். போர்டில் நாற்பது வந்தது.

அந்த நாற்பதை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு நெஞ்சில் டிபி. ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற மிஷின்மேல் அவரைத் தூக்கி நிறுத்தியது அவள்தான். நர்ஸ் நாற்பது என்று எழுதிக்கொண்டதையும், அப்பா குனிந்து முள்ளைப் பார்த்துவிட்டு இறங்கினதையும் அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அவள் பார்த்தது அது ஒன்றுதான், பார்த்தது வந்து நின்றது. போர்டு அசையவே இல்லை, ஒரு கிலோ ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அவள் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள், நாற்பது போய் ஜீரோ ஆகிற வரைக்கும் தலை நிமிரவில்லை.

மறுநாள் நேராக லூர்துசாமியிடம் போய்க் கேட்டாள். அவரை அவள் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். எங்கப்பாவை ஒருதரம் ஏற்றுங்கள், ஜெயிக்க வைக்க வேண்டாம், சும்மா ஏற்றி இறக்கினால் போதும் என்றாள். லூர்துசாமி வெற்றிலையை மடித்துக்கொண்டே, அந்த ரவுண்டை நான் பார்க்கவில்லை, வாளிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன் என்றார். ரவுண்டு நடக்கும்போது கார்னர்காரன் இடத்தை விட்டு நகரமாட்டான் என்பது எத்திராஜுலுவுக்கும் தெரியும், அமானுல்லாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் லூர்துசாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பழகின பழக்கத்துக்காகப் பேசாமல் இருந்துவிட்டார்கள். அன்றைக்கு நங்கூரமும் பீரங்கியும் ஒன்பது ரவுண்டு போட்டார்கள், செங்கமலம் போர்டைப் பார்க்கவே இல்லை.

மாசி மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை எத்திராஜுலு குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டே உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார். எண்பத்துமூன்று வயது, நோய் நொடி இல்லை, நல்ல சாவு. மேளக்காரர்கள் எடைமேடை வந்ததும் தாங்களாகவே அடிப்பதை நிறுத்தி, ஒரு நிமிடம் நின்று, மறுபடியும் அடித்துக்கொண்டு போனார்கள்.

காரியம் முடிந்து பெஞ்சுக்கு வந்தபோதுதான் போனது ஒருவர் இல்லை, இரண்டு பேர் என்று தெரிந்தது. அமானுல்லா பாய் எத்திராஜுலுவின் வார்த்தைகளை எழுத்துப் பிசகாமல் சொன்னார், ஆவணி என்றார், கொத்தவால் திடல் என்றார், நாலாவது ரவுண்டு என்றார், பதினெட்டு வருடம் கேட்ட காது, ஒரு குத்தைக்கூட விடவில்லை. மேடையில் ஒன்றும் ஏறவில்லை. லூர்துசாமி சொன்னார், தொண்ணூறு வந்தது. தொண்ணூறு மட்டும் வந்தது. அடிக்க ஆள் இல்லாததால் குதிக்கவில்லை, வாங்க ஆள் இல்லாததால் எகிறவில்லை, அரிசி மூட்டை போல ஒரே எண்ணில் கிடந்தது. லாரிக்காரர்கள் ஒருத்தர்தானா என்று கேட்டார்கள், தொண்ணூறைக் கழித்துக்கொண்டு போனார்கள். ஐந்து நாள் இப்படிப் போனது. லூர்துசாமி ஐந்து நாளும் பேசிப் பேசி, பீரங்கியின் இடது கையைப் புகழ்ந்து, வலது கையைப் புகழ்ந்து, எண்ணை ஒரு ஐந்து கிலோவாவது அசைத்துவிடப் பார்த்தார். ஆறாம் நாள் பேச்சை நடுவில் நிறுத்திவிட்டார்.

"தனியா நிக்கிறான் பாரு பாய்," என்றார். "உச்சத்துல நிக்கிறான். எதிர்ல ஒரு ஆளு இல்ல. என்னால பாக்க முடியல."

வெய்யில் மேடைத் தகட்டில் கிடந்தது. லூர்துசாமி எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூண்டுக்கு எதிரில் வந்து, சீட்டுக்கட்டு அடுக்கிக்கொண்டிருந்த செங்கமலத்தின் முகத்தைப் பார்க்காமல் போர்டைப் பார்த்துச் சொன்னார்: "எழுவத்தேழு, தை மாசம், மூணாவது ஞாயித்துக்கெழம. உப்புக்கிடங்குத் திடல். மூணாவது ரவுண்டு. நான் பாத்தேன். மாசிலாமணி."

போர்டில் நூற்றெழுபத்தைந்து வந்தது.

செங்கமலம் கழித்துப் பார்த்தாள். தொண்ணூறு போக எண்பத்தைந்து. இருபத்திரண்டு வருடமாகக் கழித்தல் கணக்கே போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு கணக்கைப் போட இரண்டு தடவை விரல் விட வேண்டியிருந்தது. எண்பத்தைந்து கிலோ அப்பா. அவள் தூக்கி நிறுத்திய அப்பாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே.

லூர்துசாமி சொல்லச் சொல்ல எண் படபடத்தது. முதல் ரவுண்டில் மாசிலாமணி அடிக்கவே இல்லை, சும்மா சுற்றி வந்தான், நாங்கள் எல்லாம் சிரித்தோம் என்றார். இரண்டாவது ரவுண்டில் பீரங்கி வீசின ஏழு குத்தில் ஆறைக் காற்றில் விட்டான் என்றார். ஐஸ் ஃபேக்டரிக்காரர்கள் சோற்றுக் கையோடு வந்து நின்றார்கள், மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்தார்கள், மூன்று மணி ஆகி கேட் திறந்தும் வரிசையில் முதல் லாரிக்காரர் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். மூன்றாவது ரவுண்டு தொடங்கி ஒரு நிமிடம் ஆனதும், பீரங்கி வலது கையை ஓங்கின நேரத்தில், மாசிலாமணி கீழே புகுந்து தாடையில் ஒன்று வைத்தான். சத்தமே வரவில்லை என்றார் லூர்துசாமி. போர்டில் துள்ளிக்கொண்டிருந்த எண் நூற்றெழுபத்தைந்தில் வந்து அப்படியே படுத்தது.

"ஞானம் வுயுந்துட்டான். ரெஃப்ரி எண்றாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. கண்ணு சொருகிக் கெடக்கறான். நாலு, அஞ்சு. எய்ந்திருக்கமாட்டான்னு எனக்குத் தெரியும். ஆறு. ரிங்குக் கயிற காலைல கட்னது நானு. வின்ச்சுக்காரன் முடிச்சு, ஒரே இயுப்புல அவுரும். ஏயு எண்றாரு, நான் இயுத்துட்டேன்."

கயிறு சரிந்தது, கம்பம் சாய்ந்தது, சனம் உள்ளே விழுந்தது, மேலே விழப்போன கம்பத்துக்கு ஒதுங்கி மாசிலாமணி கீழே இறங்கினான். எழுந்து பார்த்தால் ரிங்கில் ஞானம் இருக்கிறான், மாசிலாமணி இல்லை. பெல்லுக்கு முன்னால் ரிங்கை விட்டு இறங்கினவன் தோற்றவன் என்பது அந்தத் திடலின் சட்டம், இறங்கினபோது ரிங் என்று ஒன்று இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கயிறு மக்கிப் போயிருந்தது என்று எழுதிக் கொடுத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றை நாற்பத்தைந்து வருடமாகத் தின்றுகொண்டு வந்த லூர்துசாமி, மேடையை நோக்கிக் கையை நீட்டி, விட்ட இடத்திலிருந்து எண்ணினார். எட்டு. ஒன்பது. பத்து என்று சொல்ல வாய் வரவில்லை, ஐஸ் ஃபேக்டரிக்காரர்களும் மீன்காரப் பெண்களும் காத்திருந்தார்கள், யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, அதை அவர்தான் சொல்ல வேண்டும். பத்து என்றார். தோல்வியே காணாத பீரங்கி ஞானம் தோற்றார்.

முதலில் பேசியது அமானுல்லா பாய். "அப்ப எங்க வாப்பா குடுத்த கயிறு நல்ல கயிறு" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு துறைமுகத்து ஆர்டர் ஒன்றும் வராமல் அவருடைய வாப்பா கடைக்குள்ளேயே உட்கார்ந்து செத்தது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். பாய் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

செங்கமலத்துக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. கூண்டை விட்டு இறங்கி லூர்துசாமிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எங்கப்பா சாவறப்ப நாப்பது கிலோ. அப்ப எங்க இருந்த பெரீப்பா?"

"தெருமொனை வரைக்கும் வந்தேம்மா. மூணு நாளு வந்தேன். உள்ள வர்ல."

அவள் அவரை மன்னிக்கவில்லை. மன்னித்தாள் என்று பின்னால் சிலர் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள், அது பொய். நாளைக்கும் வந்து சொல்ல வேண்டும், நாளன்றைக்கும் வந்து சொல்ல வேண்டும், முதல் ரவுண்டிலிருந்து சொல்ல வேண்டும், வாய் இருக்கிற வரைக்கும் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவர் தலையாட்டினார். ஐஸ் ஃபேக்டரிக்காரர் ஒருவர், பெரியவர் நாளைக்குக் கண்ணை மூடிவிட்டால் மாசிலாமணி மறுபடியும் போய்விடுவாரே, நங்கூரம் போன மாதிரி, என்று கேட்டார். எல்லாரும் ஜட்ஜைப் பார்த்தார்கள். அமானுல்லா பாய், இன்றைக்கு இந்த மேடையில் எண்பத்தைந்து கிலோ வந்து நின்றதைச் செங்கமலம் கண்ணால் பார்த்திருக்கிறாள், சட்டத்துக்கு அது போதும் என்றார். போதும் என்று சிலர் சொன்னார்கள், எண்ணைப் பார்ப்பது ஆளைப் பார்த்தது ஆகுமா என்று சிலர் இழுத்தார்கள். அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

மறுநாள் காலையில் கேட் திறப்பதற்குக் கொஞ்சம் முன்பே வந்துவிட்டாள். மேடையை நன்றாகப் பெருக்கினாள், தண்ணீர் தெளித்தாள், ஜீரோ பட்டனை அழுத்தினாள், ஜீரோ வந்தது. கடல் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. மேடையோரமாக நின்று, எழுபத்தேழு, தை, மூன்றாவது ஞாயிறு, உப்புக்கிடங்குத் திடல், மூன்றாவது ரவுண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, மாசிலாமணி என்றாள். சொல்லிவிட்டுப் போர்டைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. எண்பத்தைந்து வந்தால் பிழைத்தோம், நாற்பது வந்தால் இந்த ஜன்மத்துக்கு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டே திரும்பினாள்.

நூற்றிருபத்தைந்து.

மிஷினுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஜீரோ பட்டனைத் திரும்ப அழுத்தினாள், ஜீரோ போய்த் திரும்பவும் நூற்றிருபத்தைந்து வந்தது. தகட்டைக் குனிந்து பார்த்தாள், எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அப்புறம்தான் கணக்கு விளங்கி, அங்கேயே கல்லின்மேல் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் அழாத அழுகையை எல்லாம் சேர்த்து அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு கூண்டில் ஏறி உட்கார்ந்தபோது முதல் லாரி வந்துவிட்டது. ஓங்கோலிலிருந்து மிளகாய் மூட்டை. டிரைவர் ஜன்னல் வழியாகப் போர்டைப் பார்த்தார்.

"இன்னாக்கா, காலங்காத்தாலயே ஏறிட்டாங்க? எவ்ளோ கழிக்கணும்?"

"நூத்தி இருவத்தஞ்சு."

"ரெண்டு பேரா? யாரு யாரு?"

"ரெண்டு பேரும் எங்கப்பாதான்" என்றாள் செங்கமலம்.

டிரைவர் சரி என்று தலையாட்டிவிட்டு, நடுவில் நிற்கிறவர்களுக்கு இடம் விட்டு, வண்டியை ஓரமாக மெதுவாக மேடையில் ஏற்றினார்.